சாப்பிடப் போனவள்

வெளியில் போய்ச் சாப்பிடுவது தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சுத்தமான மேசை, அளவான வெளிச்சம், பக்கத்து மேசையில் சத்தம் போடாத மனிதர்கள். இவை அமைந்தால் உணவகத்தில் சாப்பிடுவதில் ஒரு மரியாதைகூட இருக்கிறது. பரிமாறுபவன் வந்து நிற்பான். நாம் சொல்வோம். அவன் கொண்டுவந்து வைப்பான். எதிர்க்கேள்வி இருக்காது.

இன்ஸ்பெக்டர், உங்கள் ரைட்டர் நான் சொல்வதைத் தன் நடைக்கு மாற்றி எழுத வேண்டாம். நீதிமன்ற அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலங்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது, பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். என்னுடையதில் அப்படி எதுவும் வராது. எனக்கு ஆத்திரம் இருக்கவில்லை. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. என் மனைவியின் பெயரில் ஒரு பழி விழுந்திருக்கிறது. அது எங்கள் குடும்பத்தின் மேல் விழுந்த பழி. அதை நீக்கத்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பம் பெரிய பணக்காரக் குடும்பம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதவைக் காட்டி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் அப்பா சாப்பிடும்போது வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவர் எழுந்து கை கழுவிய பிறகு பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பிறகு பெண்கள், சமையலறையில். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் மனைவி சின்ன வயதில் அந்த வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். நான் சாப்பிடும்போது கதவோரம் நின்று என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு என்ன வேண்டும் என்று நான் தலை நிமிர்வதற்குள் அது வந்துவிடும். இந்தக் காலத்தில் இதற்கு அன்பு அது இது என்று பெயர் வைக்கிறார்கள். எங்களுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டதில்லை.

துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டுவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் மகன் போனில் சொன்னான்.

"அம்மா கை சரியாகற வரைக்கும் ரெண்டு பேரும் ஓட்டல்ல சாப்பிடுங்கப்பா. நீங்க ஒண்ணும் அடுப்பு பத்தவைக்கப் போறதில்ல."

கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன விதம் சரியில்லை. இருந்தாலும் யோசனை சரியானது என்பதால் விட்டுவிட்டேன்.

முதலில் போனது வங்கிக்கு மேல்மாடியில் இருக்கும் உணவகம். வெள்ளை மேசை விரிப்பு, மடித்த கைக்குட்டை, கண்ணாடி டம்ளர். இருவருக்கும் நான்தான் ஆர்டர் கொடுத்தேன். அவள் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பிடித்ததை மெல்லும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் அது நன்றாக இல்லை என்று சொன்னேன். கண்ணைத் திறந்துகொண்டாள்.

சில நாட்கள் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு நாள், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, இந்த மீன் ரெண்டு தடவ வறுத்தது."

"சாப்பிடு."

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். ஆனா ரெண்டு தடவ வறுத்தது."

பரிமாறுபவன் காதில் விழுந்துவிட்டது. அவன் மேலாளரைக் கூட்டிவந்தான். மேலாளர் மன்னிப்புக் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். இவள் சொல்ல ஆரம்பித்தாள். எண்ணெய் எப்போது கசக்கும், மீனின் ஓரம் எப்போது சுருளும், எல்லாம். பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண் பொது இடத்தில் சமையல் பிரசங்கம் செய்துகொண்டிருந்தாள், நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியிறங்கும்போது, "மேடம்ங்கறாங்க பாத்தீங்களா" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த உணவகத்தின் சமையலறை வாசலில் எலியைப் பார்த்ததாக மறுநாள் அவளிடம் சொன்னேன். நான் எலி எதையும் பார்க்கவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் ஒரு விஷயத்தை முடிக்க ஒரு சின்னப் பொய் போதுமென்றால் அதைச் சொல்வதில் பிழையில்லை.

அடுத்தது தெருமுனைக் கடை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், துடைத்த ஈரம் காயாத மேசை. அங்கே பரிமாறியவனை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிட்டார்கள். நடுத்தர வயது. மீசையைத் தவிர அவனிடம் பார்க்க ஒன்றுமில்லை. எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவான்.

"வாங்கம்மா. கை எப்படி இருக்கு?"

"கை தேவல. நேத்து நீ குடுத்த சூப்புலதான் நாக்கு முறிஞ்சு போச்சு."

"ஐயையோ, மெதுவா. உள்ள கேட்டுறப் போகுது. ஐயாவுக்கு என்ன கொண்டாரட்டும்? இன்னிக்காவது சிரிப்பாரா?"

"சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுருவாங்கன்னு பயம். ரிட்டையர் ஆன விஷயத்த இன்னும் யாரும் அவருக்குச் சொல்லல."

மூன்று மேசைகள் சிரித்தன. ஒரு லாரி ஓட்டுநர் என் தோளைத் தட்டி, "அம்மா சூப்பர் சார்" என்றான். முன்பின் தெரியாத ஒருவன் என் தோளைத் தொட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. என் மனைவியும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, உதட்டை இறுக்கிக்கொண்டாள். இதில் அவள் தப்பு என்று நான் அப்போதும் நினைக்கவில்லை. ஒரு பொருளைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்தால் தெருத்தூசி ஒட்டத்தான் செய்யும். தூசியைத்தான் துடைக்க வேண்டும்.

வீட்டில் அலமாரிக்குப் பின்னால் செத்துக் கிடந்த கரப்பான் ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப்போனேன். தட்டில் வந்த உருளைக்கிழங்குக்கு அடியில் வைத்தேன். முதலாளியைக் கூப்பிட்டேன். நான் குரல் உயர்த்தவில்லை, தட்டைக் காட்டினேன், அவ்வளவுதான். கடை நிறைய ஆட்கள் இருந்ததால் முதலாளி அந்த இடத்திலேயே மீசையை வேலையைவிட்டு நிறுத்தினான். மீசை ஏப்ரனைக் கழற்றி, மடித்து, கல்லா மேசைமேல் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. "வர்றேம்மா" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் சொன்னாள்.

"அது நம்ம வீட்டுக் கரப்பான் மாதிரியே இருந்துச்சுங்க."

"எல்லாக் கரப்பானும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஆமாமா. ஆனா காஞ்சு சருகா இருந்துச்சு. கொதிக்கக் கொதிக்க வந்த கிழங்குக்குள்ள அது எப்படிங்க காயும்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என் மனைவி புத்திசாலி. அதை நான் மறுத்ததே இல்லை.

இனி உங்களுக்குத் தெரிந்த கடைக்கு வருகிறேன். டயர் கடைக்குப் பின்னால் இருப்பது. மீசைக்கு அங்கே வேலை கிடைத்திருப்பதாகக் காய்கறிக்காரி சொல்லி என் மனைவிக்குத் தெரிந்தது. "அந்த மனுஷனுக்கு நம்மாலதானே வேலை போச்சு. ஒரு நாள் அங்க போய்ச் சாப்பிட்டுட்டு வரலாங்க" என்றாள். 'உங்களால' என்று சொல்லவில்லை, 'நம்மால' என்றாள். அந்த நாகரிகத்துக்காகச் சம்மதித்தேன்.

அது ரயில் பெட்டி மாதிரி நீளமான, ஒடுக்கமான அறை. கடைசியில் கை கழுவும் தொட்டி. அதற்குப் போகிற வழியில், சுவரோரம், சின்ன அடுப்பின் மேல் பெரிய அலுமினியப் பானை. அதில் எப்போதும் சூப் இருக்கும். அதற்கு அந்தப்பக்கம் ஒரு அரைச்சுவர், சுவருக்குப் பின்னால் சமையல். சமைப்பவர்தான் முதலாளி, மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நல்ல ஆகிருதி, தோளில் ஒரு துண்டு. சமைத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று வெளியே வந்து, சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். டயர் கடை ஆட்களும் ஓட்டுநர்களும்தான் வாடிக்கை. மதியக் கூட்டம் முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பானையில் மீந்ததைச் சாப்பிடுவார்கள். மாஸ்டர், மீசை, பாத்திரம் கழுவும் பெண், வித்தியாசமே கிடையாது. ஒரு நாள் நாங்கள் தாமதமாகப் போனபோது இதைப் பார்த்தோம். என் மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் சூடா சாப்பிடறாங்க பாருங்க" என்றாள். எனக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

பிறகு கட்டைப் பிரித்தார்கள். தினமும் மத்தியானம் மருத்துவமனைக்கு வந்து கைக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். வீட்டில் அடுப்பு பற்றியது. எனக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. வாரம் ஒரு முறை மட்டும் டயர் கடை பக்கம் போகலாமா என்று கேட்பாள். நான் கொடுமைக்காரன் இல்லை. கூட்டிப்போனேன்.

அப்படிப் போன ஒரு நாள்தான் நீதிபதி வந்தார். நான் பல வருடங்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். காருக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டு, பசிக்கிறதென்று உள்ளே நுழைந்தவர், என்னைப் பார்த்ததும் எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்தார். அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. அன்று ஒரே மேசை. என் மனைவியை அறிமுகப்படுத்தினேன். சூப் வந்தது.

ஒரு கரண்டி குடித்தேன். அது என் அம்மாவின் சூப்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் போட்டுக் கருகக் கருக வாட்டி, அந்தக் கரியோடு எலும்புத் தண்ணீரில் போடுவாள் என் அம்மா. வேறு எந்த வீட்டிலும் நான் அந்த ருசியைப் பார்த்ததில்லை. அவள் தன் சொந்தப் பெண்களுக்குக்கூட அதைச் சொல்லித்தரவில்லை, போகிற வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று. மருமகளுக்கு மட்டும் சொன்னாள். அது இப்போது டயர் கடை ஆட்களுக்குக் கிண்ணம் கிண்ணமாகப் போய்க்கொண்டிருந்தது.

நீதிபதி கண்ணை மூடி, "அடடா, என்னய்யா இது. இப்படி ஒரு சூப்ப நான் குடிச்சதே இல்ல" என்றார். அவர் கண்ணை மூடியது எனக்குத் தவறாகப் படவில்லை, அவர் பெரிய இடத்தில் இருந்தவர். அதற்குள் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"எல்லாம் அக்கா கைவண்ணம் சார். இவங்கதான் நம்ம கடைக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நம்ம கடை அக்கா."

நீதிபதி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியா. உங்க வீட்டம்மா இங்கதான் வேலை பாக்கறாங்களா? சொல்லவே இல்லையேய்யா."

"இல்லைங்க ஐயா. சாப்பிட வந்தோம்."

"அதனால என்னய்யா, நல்ல விஷயந்தானே" என்று சிரித்தார். இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். புறப்படும்போது என்னிடம் தலையை அசைத்தார். அவளிடம் நின்று, "வர்றேம்மா, கை நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அம்மாவோட சூப்ப எதுக்குக் குடுத்த?"

"குடிக்கறதுக்குத்தாங்க."

"அது எங்க வீட்டுச் சூப்."

"நானும் அந்த வீடுதானேங்க. இத்தன வருஷமா கருகுன வெங்காயம் முழுக்க என் கையிலதானே இருந்துச்சு."

"இனிமே அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வில் எந்த மாற்றமும் இல்லை. அவள் எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் என் சொல்லை மீறியதே இல்லை. இதை உங்கள் ரைட்டர் அடிக்கோடிட்டால் நல்லது.

அதன் பிறகும் மத்தியானங்களில் கைப்பயிற்சிக்குப் போய்வந்தாள். சாயங்காலம் அவள் தலைமுடியில் கருகிய வெங்காய வாசனை வரும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஏதாவது கேன்டீன் இருக்கும் என்று நினைத்தேன். இரவில் எனக்குப் பரிமாறிவிட்டு, தனக்குப் பசியில்லை என்பாள். வயதானால் பசி குறையும். நகக்கண்ணில் கரி இருக்கும். வீட்டு அடுப்பிலும் கரி உண்டு. ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, "உங்க வீட்டம்மா பயிற்சிக்கு வர்றதே இல்லையே சார், கை சரியாயிடுச்சா?" என்று. வேறு யாருக்கோ பேச வேண்டியதை நமக்குப் பேசுகிறார்கள் என்று வைத்துவிட்டேன். அந்த மாதிரிக் குழப்பம் அங்கெல்லாம் சகஜம்.

ஒரு சமயம் அவள் துணி மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் வந்ததும் நிறுத்திவிட்டாள். அன்றுதான் அந்தக் கடை இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவர்கள் வந்து சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்கள், மறு வாரம் கடை திறந்துவிடும். கரப்பான் அங்கே செல்லாது. அங்கே சாப்பிடுகிறவர்கள் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற வகை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் பாவம், அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. தண்டனை என்பது குற்றவாளிக்குத்தான் போய்ச் சேர வேண்டும், பக்கத்தில் நிற்கிறவனுக்கு அல்ல. நீதிமன்றத்தில் இருந்தவனுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். மதியக் கூட்டம் போன பிறகு பானையில் மீதமாவது கடை ஆட்களுக்கு மட்டுமே என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அது ஒழுங்கான வழியாகத் தோன்றியது.

ரோஜாச் செடிகளுக்கென்று வாங்கிய மருந்து தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. அதைப் பற்றி உங்கள் ஆய்வகம் எழுதியிருக்கும். நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவள் எனக்குச் சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனாள். நான் கொஞ்ச நேரம் கழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைக்குப் போனேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மீசை என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான்.

"வாங்கய்யா. தனியாவா வந்தீங்க?" என்றவன், அரைச்சுவர் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாக, "ஐயா வந்திருக்காரு. ஐயாவுக்கு ஒரு சாப்பாடு" என்றான்.

உள்ளே ஏதோ கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. சமையலறையில் சத்தம் வருவதும் நிற்பதும் இயல்பு.

சூப் வந்தது. குடித்தேன். நன்றாக இருந்தது. என் அம்மா போடுவதைவிட உப்பு குறைவு. எனக்கு ரத்த அழுத்தம் வந்த பிறகு என் மனைவி என் கிண்ணத்தில் அப்படித்தான் போடுவாள். பக்கத்து மேசைக்காரர் தன் சூப்பில் உப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் நாக்கு மாறும்.

சாப்பிட்டு முடித்து, கடைசி ஆளும் வெளியேறும்வரை காத்திருந்தேன். மீசை வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கை கழுவப் போனேன். போகும் வழியில் பானை. மூடியைத் தூக்கினேன், செய்ய வேண்டியதைச் செய்தேன், மூடியை மூடினேன், சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு அமைதி. நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் சமையலறையை எட்டிப் பார்க்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பிறகு நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மாஸ்டரும் என் மனைவியும் இறந்தார்கள். மீசையும் பாத்திரம் கழுவும் பெண்ணும் மருத்துவமனையில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தது அக்காதான் என்று மீசை சொல்லியிருக்கிறான். மருந்து டப்பா எங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடைத்திருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்து, "அந்த உணவகத்தில் சமையல் வேலை பார்த்துவந்த பெண்மணியே விஷம் கலந்து, தானும் உண்டதாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பேப்பரிலும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் இதே பேச்சு.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. விஷம் கலந்தது அவள் இல்லை, நான். இதை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன், கையெழுத்தும் போடுவேன். அடுத்த பிழையையும் நீங்கள் திருத்த வேண்டும். என் மனைவி எங்கேயும் சமையல் வேலை பார்க்கவில்லை. சாப்பிடப் போயிருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கூலிக்கோ இனாமுக்கோ ஊரானுக்குச் சமைத்துப் போட்டவர்கள் இல்லை.

இதைச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஐயா, ரெண்டு பேரக் கொன்னுட்டு வந்து உக்காந்திருக்கீங்க. அதுல ஒருத்தங்க உங்க சம்சாரம்."

"அதை நான் மறுக்கவில்லையே" என்றேன்.

"அவங்க தினமும் அங்க வந்து சமைச்சிருக்காங்க. சாட்சி இருக்கு. அம்மான்னு கூப்பிடாதீங்க, அக்கான்னு கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்காங்க. சம்பளம் குடுத்தப்ப வேண்டாம், உங்ககூட உக்காந்து சாப்பிட்டா போதும்னாங்களாம். இத நான் எப்படிய்யா மாத்தி எழுதறது?"

அதைத்தான் நானும் சொல்கிறேன். சம்பளம் வாங்கவில்லை என்றால் அது வேலை இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றால் அவள் சாப்பிடத்தான் போயிருக்கிறாள். உங்கள் சாட்சியே என் பக்கம் பேசுகிறான்.

என் மகன் காரியத்துக்கு வந்திருந்தான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான். "அம்மா அங்க ரொம்ப சந்தோஷமா இருந்தாங்களாம். உங்களுக்குத் தெரியுமாப்பா?" நாலு பேர் நிற்கும் இடத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை ஒரு மகன் அப்பாவைப் பார்க்கும் பார்வையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவனுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் சொல்லிவிடுங்கள். ஆனால் பதிவைத் திருத்திய பிறகு சொல்லுங்கள். அவனுடைய பிள்ளைகள் நாளைக்குப் படிக்கப் போகிற பதிவு அது. தாத்தா கொலை செய்தார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நினைப்பார்கள். பாட்டி டயர் கடைக்குப் பின்னால் கரண்டி பிடித்தாள் என்றால் என்ன நினைப்பார்கள்?

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. அதை மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள்.

ஆமாம், செய்து முடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. எதிரில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு காரியத்தை ஆரம்பித்தால் முடியும்வரை இருந்து பார்ப்பது என் பழக்கம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. இடையில் ஒரு தெரு அகலம்தான். மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். மாஸ்டர் உட்கார்ந்தார், பாத்திரம் கழுவும் பெண் உட்கார்ந்தாள், மீசை கிண்ணங்களைப் பரப்பினான். சமையலறையிலிருந்து ஏப்ரன் கட்டிய ஒருத்தி வந்து, பானையிலிருந்து எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, நடுவில் உட்கார்ந்தாள். மீசை ஏதோ சொன்னான், என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும், விறைப்பாக உட்கார்ந்து கரண்டியைப் பிடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினான்.

சாலையைக் கடக்க நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. வண்டிகளும் இல்லை. என் கண்ணாடி தூரப்பார்வைக்கானது, அதுவும் உண்மை. ஜன்னல் பக்கம்தான் அவள் முகம் இருந்தது. வெயில் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

என் மனைவி என்று தெரியவில்லையா என்றுதானே கேட்கிறீர்கள். இன்ஸ்பெக்டர், நான் பார்த்தவள் வாய் நிறைய உணவை வைத்துக்கொண்டு, மேசையை ஒரு கையால் தட்டி, தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடங்களில் அப்படிச் சிரித்த ஒருத்தியை நான் என் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?